ரவுட்டரில் டிஎன்எஸ் தானாய் மாறியிருக்கு: றீசெற் பண்ணினால் போதுமோ?

கேள்வி: கொக்குவில்_வாசி
வணக்கம். 2013இல் வாங்கின ஏடிஎஸ்எல் (ரெலிபோன் வயரில வாற இணைப்பு) ரவுட்டர். வைஃபையில் வங்கியின்ர முகவரியை அடிச்சால் சான்றிதழ் பிழை எண்டு எச்சரிக்கை வருது. அதே போனில் டேட்டாவைப் போட்டால் ஒழுங்காய்த் திறக்குது. ரவுட்டருக்குள்ள பார்த்தால் டிஎன்எஸ் (தளத்தின்ர பெயரைக் குடுத்தால் அதின்ர எண் முகவரியைச் சொல்லுற சேவர்; அது மாறினால் போலித் தளத்துக்குப் போகலாம்) இரண்டும் தெரியாத எண்கள். வைஃபை பாஸ்வேட் 16 எழுத்து, ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. பிறகு எப்பிடி?

பதில் 1: நெற்வேர்க்_திருநெல்வேலி
வைஃபை பாஸ்வேட் வேற, ரவுட்டரின்ர அமைப்புகள் இருக்கிற 192.168.1.1 பக்கத்துக்குள்ள போற நிர்வாகப் பாஸ்வேட் வேற. இரண்டாவது இன்னும் "அட்மின்" எண்டே இருந்தால், போனில் திறந்த ஒரு கெட்ட இணையப் பக்கமே உங்கட பிரவுசருக்குள்ளால ரவுட்டருக்குக் கட்டளை அனுப்பி டிஎன்எஸ்ஸை மாத்திவிடும். ஆள் வைஃபைக்குள்ள வரத் தேவையில்லை.

எச்சரிக்கையைத் தாண்டி உள்ள போகாதேங்கோ. றீசெற்றுக்கு முதல் இணைப்புக் குடுத்த நிறுவனம் தந்த பிபிபிஓஇ பயனர் பெயர், பாஸ்வேட், விபிஐ, விசிஐ எண்களைக் கட்டாயம் எழுதி வையுங்கோ. இல்லாட்டி இணைப்பே வராது. பிறகு ரெலிபோன் வயரைக் கழட்டிப்போட்டு, பின்பக்கத் துளையை ஊசியால 10 செக்கன் அழுத்துங்கோ. லப்டொப்பைக் கேபிளால கொழுவி நிர்வாகப் பாஸ்வேட்டை மாத்தி, வெளியில இருந்து நிர்வகிக்கிறதையும் யூபிஎன்பியையும் (வீட்டுக் கருவிகள் தாங்களே ரவுட்டரில் வழி திறக்கிற வசதி) நிப்பாட்டுங்கோ. வயரைக் கடைசியாய்த்தான் கொழுவோணும். முதலே கொழுவினால், தொழிற்சாலையில போட்ட பாஸ்வேட்டோட நிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்திலேயே இணையத்தில ரவுட்டர் தேடித் திரியிற தானியங்கி நிரல்கள் திரும்பவும் பிடிச்சிடும்.

பதில் 2: சுன்னாகம்_லிங்க்
மேல சொன்னது சரி, ஆனால் அந்தக் காலத்து ஏடிஎஸ்எல் ரவுட்டருக்கு அது காணாது. 2014இல் வெளிவந்த ரொம்-0 ஓட்டை இதுக்குள்ளயும் இருக்கலாம். அமைப்புகள் முழுக்க இருக்கிற ஒரு கோப்பை, பாஸ்வேட் கேக்காமலே வெளியில இருந்து இறக்கலாம்; நிர்வாகப் பாஸ்வேட்டும் அதுக்குள்ளதான். நீங்கள் எவ்வளவு நீளமாய் வைச்சாலும் அப்பிடியே வாசிப்பினம். ரவுட்டர் பக்கத்தில இருந்து வெளியேறி, பிரவுசரில் 192.168.1.1க்குப் பின்னால சாய்கோடு போட்டு ரொம்-0 எண்டதை ஆங்கில எழுத்தில அடிச்சுப் பாருங்கோ. கோப்பு இறங்கினால் ஓட்டை இருக்கு. தற்காலிகமாய், வெளியில இருந்து வாற 80ஆம் போர்ட்டை (இணையப் பக்கம் கேக்கிற வாசல்) 192.168.1.250 மாதிரி ஒருத்தரும் பாவிக்காத முகவரிக்குத் திருப்பி விடலாம். நிரந்தர வழி புது ரவுட்டர்தான். இந்த வயசில பழையதுக்கு இனி மென்பொருள் புதுப்பிப்பு வராது.

பதில் 3: நல்லூர்_வைஃபை
புதுசு வாங்கினால் முதல் வேலை டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேட் அடிக்காமல் ஒரு பின் எண்ணால வைஃபையில சேருற வசதி) நிப்பாட்டுறது. அந்த 8 இலக்கப் பின் எண்ணில கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. மிச்சத்தை ரவுட்டர் 4, 3 எண்டு இரண்டாய்ப் பிரிச்சு, ஒவ்வொரு பாதியும் சரியோ பிழையோ எண்டு தனித்தனியாய்ச் சொல்லிப்போடும். அதால ஒரு கோடி முயற்சி வேண்டியது 11,000 ஆகக் குறையுது. சில மணித்தியால வேலை. 2011இல் இருந்தே தெரிஞ்ச விசயம். பின் எண்ணைப் பிடிச்சால் உங்கட 16 எழுத்தும் அதோட கையில வந்திடும்.

வாசிக்கிற மற்றவைக்கும் ஒண்டு. கைபேசி எண்ணை வைஃபை பாஸ்வேட்டாய் வைக்கிற பழக்கம் எங்கட பக்கம் நிறைய. 077 எண்டு ஊகிச்சால் மிஞ்சுறது 7 இலக்கம், ஒரு கோடி. போன் வைஃபையில சேருற நேரத்துச் செய்திகளைப் பிடிச்சு வீட்டை கொண்டுபோய் உடைக்கலாம்; நல்ல கிராபிக்ஸ் கார்ட் செக்கனுக்குப் பல இலட்சம் பார்க்கும். ஒரு நிமிசம் வராது. தொடர்பில்லாத நாலு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில சேர்த்து வையுங்கோ. வைஃபைப் பாதுகாப்பு முறையில டபிள்யூபிஏ3 இல்லாட்டி டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் தெரிவு செய்யுங்கோ. பழைய முறையான டிகேஐபி வேண்டாம்.

கொக்குவில்_வாசி
நன்றி அண்ணைமார். ரொம்-0 கோப்பு இறங்குது. புதுசு வாங்கிறன். வங்கிப் பாஸ்வேட்டையும் மாத்தோணுமோ?

நெற்வேர்க்_திருநெல்வேலி
ஓம், மின்னஞ்சலினதையும். ஆனால் இப்ப அந்த வைஃபையில வேண்டாம், போன் டேட்டாவில மாத்துங்கோ. ரீவி, லப்டொப் ஒண்டிலும் டிஎன்எஸ் கையால போட்டிருக்கோ எண்டும் பாருங்கோ; இருந்தால் புது ரவுட்டர் வைச்சாலும் அது பழைய எண்ணிட்டயே போகும்.