பிரிஸ்பேன் வாடகை வீட்டுக் குளத்தில் திடீரென்று குட்டி மீன்கள்: என்ன செய்வது?

கேள்வி: பின்பக்கக் குளம் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 செ.மீ ஆழம். அல்லியும் நாலைந்து ரெயின்போ மீனும்தான் இருந்தன. இப்போது சாம்பல் நிறத்தில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள் நூற்றுக்கணக்கில் மேலே மேலே வருகின்றன. கொசுவைத் தின்னும்தானே, விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவைக்காதீர்கள். பெரும்பாலும் கம்பூசியாதான். ஊரில் டெங்கு நேரத்தில் கிணற்றில் விடச் சொல்லி நகராட்சி கொடுக்கிற மீன் என்பதால் நம்மவர்களுக்கு இதன்மேல் நல்ல எண்ணம் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கும் 1925-ல் கொசு ஒழிக்கத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் இங்கே அது தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்றது, உள்ளூர் மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறியது. இன்று குயின்ஸ்லாந்தின் 2014 உயிரிப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பது, தீனி போடுவது, கொடுப்பது, விற்பது, வேறு நீரில் விடுவது எல்லாமே குற்றம். பிடித்தால் உடனே கொல்ல வேண்டும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொல்வதற்கு முன் இனத்தை உறுதி செய்யுங்கள். ஒன்றிரண்டைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். கம்பூசியாவுக்கு முதுகில் ஒரே துடுப்பு, வால் நுனி வட்டம், தலை தட்டை, வாய் மேல்நோக்கி இருக்கும். சினைப்பட்ட பெண்ணின் வயிற்றுப் பின்பகுதியில் கறுப்புப் புள்ளி தெரியும். முதுகில் இரண்டு துடுப்பும் பிளந்த வாலும் பளிச்சென்ற நீலக் கண்ணும் இருந்தால் அது பசிபிக் புளூ-ஐ, உள்ளூர் மீன், தொடாதீர்கள். ரெயின்போவுக்கும் முதுகில் இரண்டு துடுப்புதான். சந்தேகம் இருந்தால் படம் எடுத்துக்கொண்டு மாநில அரசின் உயிரிப் பாதுகாப்புப் பிரிவான பயோசெக்யூரிட்டி குயின்ஸ்லாந்தை 13 25 23 எண்ணில் கேளுங்கள்.

எப்படி வந்தது? எல்லோரும் பறவைமேல் பழி போடுவார்கள். கெண்டை இன முட்டைகள் வாத்தின் குடலைத் தாண்டி மிகச் சிலவாக உயிரோடு வெளிவந்ததை 2020-ல் ஹங்கேரி ஆய்வாளர்கள் காட்டினார்கள், உண்மைதான். ஆனால் கம்பூசியா முட்டையே இடாது, குட்டிதான் போடும். அதனால் இதற்கு அந்தக் கதை பொருந்தாது. யாராவது கொடுத்த நீர்ச்செடியின் வேரில், ஓடையில் பிடித்த வாளித் தண்ணீரில், அல்லது மழையில் பொங்கி வந்த நீரில் வந்திருக்கும். ஒரே ஒரு சினை மீன் போதும். ஆணின் விந்தை அது உள்ளே சேர்த்து வைத்துக்கொள்ளும், ஆண் இல்லாமலே பல ஈடு குட்டி போடும். மூன்று நாலு வாரத்துக்கு ஓர் ஈடு.

இதனால்தான் கைவலையால் அள்ளுவது பயன்படாது. நூறை அள்ளினாலும் இரண்டு தங்கினால் கோடைக்குள் பழைய எண்ணிக்கை வந்துவிடும். உப்பு போடுங்கள் என்பார்கள், கடல்நீருக்கே பழகிவிடுகிற மீன் அது. நீச்சல் குளத்துக் குளோரினோ பூச்சிமருந்தோ கொட்டவே கூடாது. தவளையும் சாகும், சட்டச் சிக்கலும் வரும். ஒரே வழி முழுக்க வடித்துக் காயப்போடுவது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம்: மழை குறைவு, மீன் குட்டி போடுவதும் குறைவு, தவளைகளும் பெரும்பாலும் முட்டையிடாது. வாடகை வீடு என்பதால் முதலில் ஏஜென்டுக்குப் படத்தோடு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் குளம் 3,600 லிட்டர். மணிக்கு 2,000 லிட்டர் பம்ப் என்றால் கணக்குக்கு இரண்டு மணி நேரம். குழாயை மேலே ஏற்றினால் இழுவை குறையும், அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைப் புல்வெளிக்கு விடுங்கள். தெருவோர வடிகாலுக்கு வேண்டவே வேண்டாம், அது சுத்திகரிப்பு இல்லாமல் நேரே ஓடைக்குப் போகிறது.

இன்னொருவர்: பம்ப் விஷயத்தில் ஒரு திருத்தம். பம்பை நேரே குளத்தில் போட்டால் குட்டிகளை உறிஞ்சி வெளியே தள்ளும். வலையைப் பம்பின் வாயிலேயே சுற்றினால் பத்து நிமிடத்தில் பாசி அடைத்துக்கொள்ளும். பெரிய வாளியில் சுற்றிலும் துளை போட்டு, வெளியே கொசுவலைத் துணி இரண்டு மடிப்பு கட்டி, பம்பை அதற்குள் உட்கார வையுங்கள். பரப்பு பெரிதானால் அடைப்பது குறையும். பிறந்த குட்டி ஒரு சென்டிமீட்டருக்கும் கீழே, சாதாரண மீன்வலை நிற்காது. குழாயின் மறுமுனையிலும் ஒரு துணிப்பை கட்டுங்கள்.

நீர் ஒரு சாண் ஆனதும் ரெயின்போக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதே குளத்து நீரை வலைத்துணியில் வடிகட்டி நிரப்பிய மூடிய தொட்டியில் விடுங்கள். தலைப்பிரட்டைகளும் அப்படியே. பழைய நீரை வடிகட்டாமல் கொண்டுபோனால் குட்டியும் கூடவே போகும், முக்கால்வாசிப் பேர் தோற்பது இந்த இடத்தில்தான். அல்லித் தொட்டியைத் தூக்கி வேரை அலசி, இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்து தினமும் டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற செடிகளைக் குப்பையில் போடுவதே மேல்.

பிடித்த கம்பூசியாக்களை ஃபிரீசரில் வைக்காதீர்கள், மெதுவாகத் துடித்துச் சாகும். கிராம்பு எண்ணெய் மருந்துக்கடையில் கிடைக்கும். லிட்டருக்கு அரை மில்லி வீதம் முதலில் சிறு பாட்டில் வெந்நீரில் போட்டு நன்றாகக் குலுக்கி, வாளியில் ஊற்றுங்கள். குலுக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், மீனுக்கு எட்டாது. செவுள் அசைவு நின்றபின்னும் பத்து நிமிடம் விட்டு, பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். அந்த நீரை ஓடையிலோ வடிகாலிலோ ஊற்றாதீர்கள்.

அடிச்சேறு வெடிக்கும்வரை காயட்டும். ஃபில்டர் பஞ்சு, கற்கள் எல்லாம் வெயிலில். குழாய் வளைவில் தேங்கும் ஒரு குவளை நீரே மறுபடி ஆரம்பிக்கப் போதும்.

கேட்டவர்: திரும்ப நிரப்பும்போது?

பதில்: குழாய் நீரில் கிருமி கொல்லப் போடும் குளோராமின் இருக்கலாம். வெயிலில் ஒரு நாள் வைத்தால் அது போகாது, மீன் கடையில் விற்கும் நீர் கண்டிஷனரை அளவு பார்த்துப் போடுங்கள். கொசுவுக்குப் பத்துப் பதினைந்து பசிபிக் புளூ-ஐ போதும், தலைப்பிரட்டைக்குத் தொல்லை குறைவு. கடையில் வாங்குங்கள், ஓடையில் பிடிக்க வேண்டாம். பையைத் திறந்து மீனை மட்டும் விடுங்கள், பைத் தண்ணீரைக் குளத்தில் ஊற்றாதீர்கள்.

கேட்டவர்: சேற்றில் தட்டு மாதிரி வட்டக் குழிகள் இருக்கின்றன, கையளவு மீன் ஒன்றும் தெரிந்தது. ஜிலேபி மாதிரி இருக்கிறது. குழம்பு வைக்கலாமா?

பதில்: திலாப்பியாவேதான், அந்தக் குழிகள் ஆண் தோண்டும் கூடு. இங்கே அதுவும் தடை செய்யப்பட்ட மீன். சமைக்கவோ தூண்டிலுக்கோ எடுக்காதீர்கள். பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும், தாய் செத்தபின்னும் வாய்க்குள் உயிரோடு இருக்கலாம். கண்ணுக்குச் சற்றுப் பின்னால் மண்டையில் ஓங்கி ஒரே அடி. பிறகு நீரிலிருந்து தள்ளிப் புதையுங்கள், அல்லது பையில் கட்டிக் குப்பைத்தொட்டியில். குழம்புக்குக் கடையில் பாராமுண்டி வாங்கிக்கொள்ளுங்கள்.