ஃபியூரி 175 முன் காலிப்பர் இறுகிவிட்டது: பிஸ்டன் கடைய நல்ல லேத் எங்கே?

அண்ணன்மாரே, குளச்சலில் நிற்கும் பழைய என்ஃபீல்ட் ஃபியூரி 175 பைக்குக்காகக் கேட்கிறோம். முன் டிஸ்க் பிரேக் பிடித்தால் விடுவதில்லை. காலிப்பரில் பிரேக் ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை விட்ட பிறகும் சக்கரம் சுற்றவில்லை. அப்படியென்றால் கோளாறு ஹோஸிலோ லீவர் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரிலோ இல்லை, டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரில்தான்.

காற்றடித்து எடுத்தால் காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் தெறித்து விரலை நசுக்கிவிடும். அதனால் பிளீடர் துளையில் கிரீஸ் கன் மாட்டி மெல்லத் தள்ளினோம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் உட்காரும் பள்ளம் முழுக்க வெள்ளைப் பொடி, சுண்ணாம்பு மாதிரி கெட்டித்துக் கிடந்தது. கடற்காற்றில் அலுமினியம் அரித்த பொடி. அது பின்னாலிருந்து சீலை நெருக்குவதால்தான் பிஸ்டன் இறுகுகிறது. பள்ளத்தைச் சுத்தம் செய்யாமல் புது சீல் போட்டால் மறுபடியும் இறுகும். பித்தளைக் கம்பியால் சுரண்டி, கிரீஸ் துளியும் மிஞ்சாமல் ஸ்பிரிட்டில் கழுவியாச்சு.

பிஸ்டனில் சீல் ஓடும் இடத்தில் அரிசிமணி அளவு குரோம் உரிந்திருக்கிறது. எமரி தேய்த்துச் சரியாகாது.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பிஸ்டன் கடைந்து பாலிஷ் போட்டுத் தரும் பட்டறை தெரியுமா? துளைக்கும் பிஸ்டனுக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம்? சதுர வெட்டு சீல், பிரேக் ஆயிலைத் தாங்கும் இபிடிஎம் ரப்பரில் கிடைக்குமா? ஹைட்ராலிக் ஜாக்கி சீல் அளவு பொருந்தினாலும் வேண்டாம், அதன் நைட்ரைல் ரப்பர் டாட் 4 பிரேக் ஆயிலில் ஊதிவிடும். மைக்ரோமீட்டர் அளவுகளும் பழைய பிஸ்டனும் கையில் இருக்கின்றன.