12 காடி, 8 துருவ மோட்டாரில் தடக்கலைக் குறைப்பது எப்படி?

கேள்வி: நான் வடிவமைத்த நிலைக்காந்த மோட்டார் (கம்பிச்சுருள் அமரும் பள்ளங்களான காடிகள் 12, காந்தத் துருவங்கள் 8) குறைந்த வேகத்தில் விட்டுவிட்டு இழுக்கிறது, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தண்டைக் கையால் திருப்பினாலும் தடக்கல் (cogging, விட்டுவிட்டுத் தடுக்கும் உணர்வு) தெரிகிறது. காந்தங்களைச் சாய்த்து அமைத்தால் போதுமா?

பதில் 1: மின்னோட்டம் இல்லாதபோதும் தெரிவதால், இது காந்தங்கள் ஸ்டேட்டரின் (மோட்டாரின் அசையாத பகுதி) காடிகளுக்கு இடையிலுள்ள பற்களை ஈர்ப்பதால் எழும் முறுக்குவிசை அலைவுதான். 12, 8 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 24 என்பதால் ஒரு சுற்றில் 24 முறை அது எழும். ஆகவே ஓர் அலைவின் அளவான 15 பாகை (360 ÷ 24) சாய்வு கொடுத்தால் கோட்பாட்டளவில் முற்றிலும் அடங்கிவிடும். ரோட்டாரை (காந்தங்கள் உள்ள சுழலும் பகுதி) நீளவாக்கில் மூன்று துண்டுகளாக்கி, ஒன்றுக்கொன்று 5 பாகை தள்ளிப் பொருத்துவது பட்டறையில் எளிது; பெரும்பகுதி அதிலேயே மறையும்.

பதில் 2: முழுச் சாய்வால் எதிர் மின்னியக்கு விசை (மோட்டார் சுழலும்போது சுருளில் தோன்றும் மின்னழுத்தம்) ஏறத்தாழ 4.5 விழுக்காடு குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வடிவமைப்பை மாற்ற இயலுமானால் 10 துருவங்களை நான் பரிந்துரைப்பேன். 12, 10 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 60 ஆவதால் தடக்கல் இயல்பாகவே சிறுக்கும்.

கேட்டவர்: மிக்க நன்றி. துருவ எண்ணிக்கையை இப்போது மாற்ற இயலாததால், மூன்று துண்டு முறையைச் செய்து பார்க்கிறேன்.