கொடை இரவுக் கொலை: கேசட் துப்பு நிற்குமா?

வணக்கம். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் துப்பறிகிற நாவல் ஒன்றுக்காக, வில்லுப்பாட்டுக் கலைஞர்களிடமும் கொடை (நாட்டார் தெய்வக் கோயில் திருவிழா) பார்த்து வளர்ந்தவர்களிடமும் சில விவரங்கள் வேண்டும். களம் நாஞ்சில் நாடு, 1986. சுடலைமாடன் கொடையில் நள்ளிரவுப் பாட்டு நடக்கும்போதே கொலை. ஆய்வாளர் பதிந்த சி-90 கேசட்தான் சாட்சி.

பாடபேதத்தைத் துப்பாக வைத்தால் எடுபடாது. ஒரே கதை ஊருக்கு ஊர், அண்ணாவிக்கு (முதன்மைப் பாடகருக்கு) அண்ணாவி மாறும். ஒரு வரி விடுபட்டதற்காக யாரையும் சந்தேகிக்க முடியாது. அதனால் துப்பு நேரத்தில் இருக்கிறது. கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். பேட்டரி இறங்கி மோட்டார் 5 சதவீதம் மெதுவாகச் சுற்றினால் அதே பக்கத்தில் 47 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பதியும். பிறகு சரியான வேகத்தில் போட்டால் சுருதி கிட்டத்தட்ட அரை ஸ்வரம் ஏறிக் கேட்கும். கொலைகாரனுக்கு அந்த இரண்டு நிமிடம் போதும்.

ஆனால் சுருதி ஏறியதை எதை வைத்து நிரூபிப்பது? உடுக்கை உதவாது, கயிற்றை அழுத்தினாலே மாறிவிடும். குரலும் அருள் வரும் கட்டத்தில் ஏறும். மிச்சம் குடமும் வில்லில் கட்டிய மணிகளும்தான்.

இரவு முழுக்க ஒரே குடமா, மாற்றுக்குடம் வைத்திருப்பார்களா? குடத்தின் வாயில் அடிக்கும் மட்டையான பத்தியின் அடி விழும் இடம் மாறினால் ஓசை எவ்வளவு மாறும்? சாமியாட்டத்தில் நையாண்டி மேளம் சேர்ந்தபின் குடம் தனியாகக் கேட்குமா? தீபாராதனைக்குப் பாட்டை எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள்? அந்தக் காலத்துப் பதிவு கையில் இருந்தால், நள்ளிரவுப் பகுதியை மட்டும் பகிர்ந்தாலும் போதும்.