பழைய சி-45 வாங்கலாமா? வலது இன்ஜின் ப்ரொப்பல்லர் பாதியில் நின்றுவிடுகிறது

ரெட்டைவால்:
வணக்கம் நண்பர்களே. பீச்கிராஃப்ட் 18 குடும்பத்து ராணுவ விமானம் ஒன்று, சி-45எச், விலைக்கு வந்திருக்கிறது. பல வருடமாகத் திறந்த வெளியில் நிற்கிறது. வெளித்தகடுகள் பரவாயில்லை, கண்ணாடிகள் மங்கிவிட்டன, ரட்டர் (வால் சுக்கான்) துணி கிழிந்து தொங்குகிறது, அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். விமானத்தின் லாக் புக் முழுசாக இருக்கிறது, வலது இன்ஜினுடையதில் மட்டும் ஒரு பாகம் இல்லை.

பிரச்சினை இதுதான். இடது ப்ரொப்பல்லரைக் கையால் சுற்றினால் ஒழுங்காகச் சுற்றுகிறது, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனும் கையில் தெரிகிறது. வலது பக்கம் கொஞ்சம் சுற்றி, சுவரில் மோதியது போல நின்றுவிடுகிறது. பின்பக்கமாகத் தள்ளினால் நகர்கிறது. விற்பவர் சொல்வது: "எண்ணெய் கெட்டியாகியிருக்கும், பேட்டரி போட்டு ஸ்டார்ட்டரைத் தட்டினால் விட்டுவிடும், அப்படியே ஓட்டிக்கொண்டு போங்கள்."

இந்த இன்ஜின் போய்விட்டதா, காப்பாற்றலாமா? வேறு என்ன பார்க்க வேண்டும்? தகட்டில் 1952 என்று வருட எண் இருக்கிறது, அப்படியானால் இது போர்க்கால விமானம் இல்லைதானே?

ஒன்பதுசிலிண்டர்:
முதலில் ஸ்டார்ட்டர் பக்கமே யாரையும் விடாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

எண்ணெய் கெட்டியாகியிருந்தால் சுற்று முழுக்க ஒரே மாதிரி கனமாக இருக்கும். ஒரே இடத்தில் டக்கென்று நிற்காது. நீங்கள் சொல்வது ஹைட்ராலிக் லாக், அதாவது சிலிண்டருக்குள் தேங்கிய எண்ணெய் பிஸ்டனை மறிப்பது. ரேடியல் இன்ஜினில் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும், கிட்டத்தட்ட பாதி தலைகீழாகத்தான் தொங்குகின்றன, நிறுத்தி வைத்தால் எண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி அவற்றுக்குள் இறங்கிவிடும். தொட்டியிலிருந்து எண்ணெய் வரும் வழியிலுள்ள செக் வால்வு பழசாகிக் கசிந்தால் இன்னும் மோசம், தொட்டியே மெல்ல மெல்ல இன்ஜினுக்குள் காலியாகும். இந்த விமானத்தின் ஒன்பது சிலிண்டர் ஆர்-985 இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 1.8 லிட்டர், கம்ப்ரஷன் விகிதம் 6க்கு 1. கணக்குப் போட்டால் பிஸ்டன் உச்சத்தில் இருக்கும்போது மிஞ்சும் இடம் 350 மில்லி சொச்சம்தான். அதற்கு மேல் எண்ணெய் நின்றால் பிஸ்டன் போக வழியில்லை, எண்ணெயை அமுக்கவும் முடியாது. அப்போது ஸ்டார்ட்டரால் தள்ளினால் பிஸ்டனைத் தள்ளும் ராடு வளையும். ஸ்டார்ட்டரில் வழுக்கும் கிளட்ச் உண்டு, ஆனால் அதை நம்பி எந்த மெக்கானிக்கும் பட்டனை அழுத்தமாட்டார்.

பின்பக்கமாகவும் சுற்றாதீர்கள். நகர்கிறது என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இன்டேக் வால்வு திறந்திருக்கும்போது பிஸ்டன் எண்ணெயை இன்டேக் குழாய்க்குள் தள்ளிவிடும், அது அங்கேயே காத்திருந்து இன்ஜின் கிளம்பியதும் திரும்ப உள்ளே இழுக்கப்படும். ராடு வளைவது பெரும்பாலும் அப்படித்தான்.

செய்ய வேண்டியது: மேக்னெட்டோ (பிளக்குக்குத் தீப்பொறி தரும் கருவி) சுவிட்ச் ஆஃப், ஆனாலும் சுவிட்சை நம்பக்கூடாது (எர்த் கம்பி அறுந்திருந்தால் ஆஃபில் இருந்தாலும் தீப்பொறி வரும், ப்ரொப்பல்லர் வீசும் வட்டத்துக்குள் யாரும் நிற்கக்கூடாது). மேல் நடுவில் 1 என்று வைத்து, காக்பிட்டிலிருந்து பார்க்கிறபடி கடிகாரச் சுற்றில் எண்ணினால் அடியில் வருவது 5, 6. அவற்றிலும் பக்கத்திலுள்ள 4, 7லும் பிளக்குகளைக் கழற்றுங்கள், கீழே வாளி வையுங்கள். அடிச் சிலிண்டர்களின் இன்டேக் குழாய்களையும் வடியுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இதையெல்லாம் லைசன்ஸ் உள்ள மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள், விற்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு.

வால்சக்கரம்:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் தம்பி, நீங்கள் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஆர்-985 இன்ஜினை இன்றைக்கும் ஓவர்ஹால் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், காசு இருந்தால் மாற்றிவிடலாம். இந்த விமானத்தின் உயிர் இருப்பது ஸ்பாரில், அதாவது இறக்கையின் சுமையைத் தாங்கும் முதுகெலும்பில்.

இறக்கையின் நடுப்பகுதியில் ஓடும் ஸ்பார் எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டியது. அந்த வெல்டிங் இடங்களில் களைப்பு விரிசல் விழும், குழாய்க்குள் துருவும் பிடிக்கும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இறக்கை கழன்று விபத்துகள் நடந்த பிறகுதான் அமெரிக்க விமானத்துறை ஆணையமான எப்.ஏ.ஏ. இதற்கென்றே உத்தரவு (ஏ.டி.) போட்டு எக்ஸ்ரே சோதனையைக் கட்டாயமாக்கியது, எண் ஏ.டி. 75-27-09. லாக் புக்கில் அந்த எண்ணைத் தேடுங்கள். கடைசியாக எப்போது எடுத்தார்கள், யார் படித்தார்கள், ஸ்பாருக்கு வலுவூட்டும் ஸ்ட்ராப் (உலோகப் பட்டை) போட்டிருந்தால் யாருடைய கிட், அதன் எஸ்.டி.சி. (மாற்றத்துக்கு எப்.ஏ.ஏ. தந்த ஒப்புதல்) காகிதம் எங்கே, எல்லாம் வேண்டும். "ஸ்ட்ராப் போட்டாச்சு, இனிமேல் எக்ஸ்ரே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள், அந்தக் கிட்டின் காகிதத்தை வாங்கி நீங்களே படியுங்கள்.

1952 விஷயம்: போர்க்காலத்து AT-7, AT-11 பயிற்சி விமானங்களைப் பீச் தொழிற்சாலையே 1951இலிருந்து சில வருடங்கள் பிரித்து மறுபடி கட்டிப் புது எண் கொடுத்தது, அதுதான் சி-45ஜி, சி-45எச். ஜியில் ஆட்டோபைலட் உண்டு, எச்சில் கிடையாது. ஆக உங்கள் விமானம் இரண்டாம் உலகப் போரில் பிறந்து, 1950களில் புதுப் பெயர் வாங்கியது. அந்தத் தகடு பத்திரமாக இருக்கிறதா, எண் பதிவுக் காகிதத்தோடும் விற்பனைப் பத்திரங்களோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அது ஒத்துப்போகவில்லை என்றால் நீங்கள் வாங்குவது அலுமினியம், கிலோ கணக்கில்.

காற்றாடி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு இன்ஜின் ராணுவ விமானம்தான் ஆசை என்றால் செஸ்னா ஓ-2 பார்த்தீர்களா? முன்னால் ஒன்று பின்னால் ஒன்று, சாதாரண 210 குதிரைசக்தி கான்டினென்டல் இன்ஜின், மூக்குச் சக்கரம், இன்சூரன்ஸும் இதைவிடச் சுலபம். வியட்நாமில் பறந்த சரித்திரமும் இருக்கிறது.

ரெட்டைவால்:
@காற்றாடி பார்த்தேன் சார், நல்ல விமானம்தான். ஆனால் ரேடியல் சத்தம் கேட்டுக் கெட்டுப்போனவன் நான்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். மெக்கானிக்கோடு போனேன். 6ஆம் சிலிண்டர் பிளக்கைக் கழற்றியதும் கறுப்பு எண்ணெய் கொட்டியது, 5இலிருந்து கொஞ்சம், இன்டேக் குழாயிலிருந்தும் வந்தது. அப்புறம் ப்ரொப்பல்லர் சுகமாகச் சுற்றியது. விற்பவருக்கு ஒரே சந்தோஷம், "பார்த்தீர்களா, ஒன்றுமில்லை" என்றார். மெக்கானிக் முகத்தில் சந்தோஷம் இல்லை. இதற்கு முன்னால் யாராவது ஸ்டார்ட்டரைத் தட்டியிருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்கிறார். லாக் புக்கில் காணாமல் போன பாகமும் இந்த இன்ஜினுடையதுதான் என்பது எனக்கும் உறுத்துகிறது.

ஒன்பதுசிலிண்டர்:
உங்கள் மெக்கானிக்கை விட்டுவிடாதீர்கள், விஷயம் தெரிந்தவர்.

இதில் மாஸ்டர் ராடு ஒன்று, அதோடு கோர்த்த லிங்க் ராடுகள் எட்டு. லிங்க் ராடு லேசாக வளைந்தால் இன்ஜின் கிளம்பும், நன்றாகவே ஓடும், காட்டிக்கொடுக்காது. பல மணி நேரம் கழித்து ஒரு நாள் பறக்கும்போது ஒடியும். ஆனால் வளைந்த ராடு குட்டையாகிவிடும், அந்தச் சிலிண்டரில் பிஸ்டன் முழு உயரத்துக்கு வராது. பிளக் ஓட்டை வழியாக ஒரு அளவுகோலை விட்டு, பிஸ்டன் உச்சத்தில் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அளக்கலாம். ஒரே இன்ஜினில் ஒரு சிலிண்டரை இன்னொன்றோடு ஒப்பிட்டால் குழப்பம் வரும், ராடுகளின் அமைப்பாலேயே சின்ன வித்தியாசம் உண்டு. உங்களிடம்தான் இரண்டு இன்ஜின் இருக்கிறதே! வலது 6ஐ இடது 6ஓடு, வலது 5ஐ இடது 5ஓடு ஒப்பிடுங்கள், ஒரே பிளக் ஓட்டை, ஒரே கோணம்.

அளக்கும்போதே போர்ஸ்கோப் (உள்ளே பார்க்கும் மெல்லிய குழாய்க் கருவி) விட்டு மேல் சிலிண்டர்களையும் பாருங்கள். அடியிலுள்ளவை எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும், மேலே உள்ள 9, 1, 2இல் எண்ணெய் எல்லாம் வடிந்து சுவர் காய்ந்து துருப்பிடித்திருக்கும். நிறையப் பேர் அடியை மட்டும் பார்த்துவிட்டு இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று வந்துவிடுவார்கள்.

ரெட்டைவால்:
அளந்தாயிற்று. மற்ற எட்டும் இடது பக்கத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. வலது 6 மட்டும் 4 மி.மீ. கீழேயே நின்றுவிடுகிறது, திரும்பத் திரும்ப அளந்தாலும் அதேதான். மேலே 1இலும் 2இலும் துரு, இரண்டு இன்ஜினிலும். விற்பவர் அமைதியாகிவிட்டார்.

ஸ்பார் எக்ஸ்ரே: கடைசிச் சோதனைக் காகிதம் இருக்கிறது, ஆனால் மிகப் பழசு. ஸ்ட்ராப் போட்டிருக்கிறது, எஸ்.டி.சி. காகிதமும் கிடைத்தது. தகட்டு எண் பத்திரங்களோடு ஒத்துப்போகிறது. இப்போது என்ன செய்யலாம்? ஓட்டிக்கொண்டு போவது இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். லாரியில் ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.

வால்சக்கரம்:
4 மி.மீ. என்றால் பேச்சே இல்லை, வலது இன்ஜின் பிரிக்க வேண்டியதுதான். இடதும் துருவோடு இருப்பதால் அதையும் பிரிப்பதாகவே கணக்கு வையுங்கள். ப்ரொப்பல்லர் ஹப்களில் விரிசல் சோதனைக்கும் தனி ஏ.டி. இருக்கிறது, இன்ஜின் கீழே இறங்கும்போது அதையும் முடித்துவிடலாம். விலை பேசும்போது இரண்டு இன்ஜினும் இல்லாத விமானம் என்று நினைத்துப் பேசுங்கள், அதற்கு மேல் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

லாரி விஷயத்தில் ஒன்று. வெளி இறக்கைகள் கழன்று வரும், இன்ஜின்களைத் தாங்குகிற நடுப்பகுதி உடலோடு ஒட்டியே இருக்கும். இரண்டு சக்கரங்களுக்கு நடுவே மட்டும் கிட்டத்தட்ட 4 மீட்டர். சாலை அனுமதி, வழியிலுள்ள பாலங்களின் அகலம் எல்லாம் பார்க்காமல் கிரேன் வரவழைக்காதீர்கள். நடுப்பகுதியை வெட்டினால் சுலபம் என்று யாராவது யோசனை சொல்வார், அவரோடு பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் புது எக்ஸ்ரே. விமானம் நிற்கிற இடத்திலேயே எடுக்கலாம், ஆளும் கருவியும்தான் வர வேண்டும். செலவு உங்களுடையது, ஸ்பாரில் விரிசல் தெரிந்தால் நீங்கள் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஒன்பதுசிலிண்டர்:
எக்ஸ்ரே நல்லபடியாக வந்தால், சக்கரம் ஏறி இறங்கும் அமைப்பை ஜாக்கி மேல் தூக்கி வைத்துப் பாருங்கள். ஒரே மின் மோட்டார் சங்கிலி வழியாக இரண்டு பக்கமும் இழுக்கிறது, சங்கிலியும் பல்லும் தேய்ந்திருக்கும். கை கிராங்கும் வேலை செய்கிறதா பாருங்கள். அப்புறம் வலது இன்ஜின் பிளக் ஓட்டைகளை டெசிகன்ட் பிளக் (ஈரம் உறிஞ்சும் அடைப்பான்) போட்டு அடைத்துவிட்டு வாருங்கள், விற்பவர் ஆர்வக்கோளாறில் மறுபடி ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்த்துவிடப் போகிறார்.

ரெட்டைவால்:
டெசிகன்ட் பிளக் போட்டாயிற்று, பேட்டரியையும் மெக்கானிக் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். எக்ஸ்ரே ஒப்பந்தத்துக்கு விற்பவர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்துவிட்டார். படம் வந்ததும் படித்தவர் என்ன எழுதுகிறார் என்று இங்கேயே போடுகிறேன்.