முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

காவிரிக்கரை:

என் தங்கைக்கு 2018இல் கரூரில் இந்து முறைப்படி திருமணம் நடந்தது. குடித்தனம் திருப்பூரில். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. மனக்கசப்பு முற்றியதால் தங்கை குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றே முக்கால் ஆண்டு ஆகிறது. சென்ற ஆண்டு இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி, நூறு ரூபாய் முத்திரைத்தாளில், “இன்று முதல் எங்களுக்குள் கணவன் மனைவி என்ற உறவு கிடையாது, அவரவர் இஷ்டப்படி மறுமணம் செய்துகொள்வதில் ஆட்சேபணை இல்லை, பின்னிட்டு ஜீவனாம்சம் ஏதும் கோரமாட்டோம்” என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, நோட்டரியிடம் முத்திரையும் பெற்றுவிட்டார்கள். நகைகளில் பாதி திரும்பி வந்தது. மீதியைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. இப்போது மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் பெண் பார்ப்பதாகக் கேள்விப்படுகிறோம். அந்தத் தாள் போதுமா, நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வக்காலத்து:

ஐயா, குடும்பநல வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்தத் தாளால் திருமணம் முறியவில்லை. சட்டத்தின் பார்வையில் உங்கள் தங்கை இன்றும் அவருடைய மனைவிதான். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி நடந்த திருமணத்தை நீதிமன்றத் தீர்ப்பாணைதான் கலைக்க முடியும். நோட்டரியின் முத்திரை, கையெழுத்திட்டவர்கள் இன்னார் என்பதற்குத்தான் அத்தாட்சியே தவிர, எழுதப்பட்ட விஷயத்துக்குச் சட்ட வலுவைத் தருவதில்லை. இந்த நிலையில் அவர் மறுமணம் செய்தால் அது 11ஆவது பிரிவின்படி செல்லாத திருமணமாகும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆவது பிரிவின்கீழ் ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். உங்கள் தங்கைக்கு வேறு வரன் பார்த்தாலும் இதே நிலைதான் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள்.

அதற்காக அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். இருவரும் எப்போதிலிருந்து பிரிந்து வாழ்கிறார்கள் என்பதற்கு அது ஓர் ஆதாரம். ஆனால் அதே தாள் தங்கைக்கு எதிராகவும் திரும்பக்கூடும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவாகியிருக்கும் ஜீவனாம்ச விதியில், கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். அதுபோலவே, “கணவர் என்னைக் கைவிட்டுவிட்டார்” என்ற காரணத்தைச் சொல்லி விவாகரத்து கேட்டாலும், சம்மதித்துப் பிரிந்ததாக நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்ற கேள்வி வரும். முறையாகத் தீர்ப்பு பெற்று விவாகரத்தான பெண்ணுக்கோ அந்தத் தடை இல்லையென்று உச்ச நீதிமன்றம் 1995இல் வனமாலா வழக்கில் சொல்லியிருக்கிறது. குழந்தைக்கான பராமரிப்புத் தொகையைத் தாய் எழுதிக் கொடுத்து விட்டுவிடவே முடியாது. அது குழந்தையின் உரிமை.

கணவரும் பிரியத்தான் நினைக்கிறார் என்றால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின்கீழ் இருவரும் சேர்ந்து மனு போடுவதே எளிது. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்கு நிறைவேறிவிட்டது. முதல் மனுவுக்கும் இறுதி விசாரணைக்கும் இடையில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை, பொருத்தமான வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிந்திருந்து, சமரச முயற்சிகளும் பலனளிக்காமல் போய், பணம், நகை, குழந்தை ஆகிய மூன்றையும் பேசி முடித்திருந்தால் தளர்வு கேட்க நல்ல இடமுண்டு. மனுவைத் திருப்பூரில்தான் போட வேண்டும் என்றில்லை. திருமணம் நடந்த கரூரிலேயே போடலாம்.

மேட்டுத்தெரு:

எங்கள் பக்கத்தில் சில சமூகங்களில் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் “தீர்த்துவிடுவது” இன்றும் நடக்கிறது. வழக்காற்றின்படி நடக்கும் விவாகரத்தைச் சட்டமே ஏற்கிறது என்று படித்திருக்கிறேன். அப்படியிருக்க, அந்தத் தாள் செல்லாது என்று அடியோடு சொல்லிவிட முடியுமா?

வக்காலத்து:

நீங்கள் படித்தது சரிதான். இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு வழக்காற்று விவாகரத்துக்கு இடம் விட்டிருக்கிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் தம் சமூகத்தில் நெடுங்காலமாக, இடைவிடாமல், ஐயத்துக்கு இடமின்றி நடந்து வருகிறது என்பதை அதைச் சொல்பவர்தான் சாட்சியங்களோடு மெய்ப்பிக்க வேண்டும். நான்கு பெரியவர்கள் கூடி எழுதினார்கள் என்பது வழக்காறு ஆகிவிடாது. அந்த வாதம் பெரும்பாலும் தோற்றுத்தான் போகிறது. அதை நம்பி ஒரு பெண்ணின் மறுமணத்தை முடிவு செய்வதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

செவ்வந்தி:

இதே பாதையில் நடந்து வெளியே வந்தவள் என்பதால், வழக்கறிஞர் ஐயா தொடாத சிலவற்றைச் சொல்கிறேன். மனு தாக்கலானதும் குடும்பநல நீதிமன்றத்தில் ஆலோசகரிடம் அனுப்புவார்கள். அங்கே சேர்ந்து வாழச் சொல்லி வற்புறுத்துவார்களோ என்று நான் பயந்திருந்தேன். ஆனால் இருவரையும் தனித்தனியே உட்காரவைத்து, குழந்தையைப் பற்றித்தான் நிறையக் கேட்டார்கள். இறுதி விசாரணையில் நீதிபதி, “யாராவது கட்டாயப்படுத்தினார்களா, மனமுவந்துதான் கையெழுத்திட்டீர்களா” என்று என்னிடமும் அவரிடமும் கேட்டார். தீர்ப்பு வரும் நாள் வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதால், பேசிய தொகையைக் கொடுக்கும் முன்பே அவர் மனம் மாறுவாரோ, கொடுத்த பிறகு இவள் மாறுவாளோ என்ற சந்தேகம் இரு வீட்டிலும் இருந்துகொண்டே இருந்தது. எங்கள் வழக்கறிஞர் அதற்குக் கண்ட வழி, ஒரு பகுதியை முதல் மனுவின்போதும், மிச்சத்தை இறுதி விசாரணை நாளில் நீதிமன்றத்திலேயே வரைவோலையாகவும் கொடுக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதியது.

நகை விஷயத்தில் அவசரப்பட்டு “எல்லாம் பெற்றுக்கொண்டேன்” என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். தாய்வீட்டில் போட்ட நகை சீதனம். அது பெண்ணின் சொந்தச் சொத்து. கடை ரசீது, திருமணப் படங்கள், மொய் நோட்டோடு எழுதிவைத்த சீர்வரிசைப் பட்டியல் எது கிடைத்தாலும் எடுத்துவையுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பட்டியல் அம்மாவின் கையெழுத்தில் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில்தான் இருந்தது; திருமணப் படங்களோடு வைத்துப் பார்த்த பிறகு எதிர்த்தரப்பு அதை மறுக்கவில்லை. குழந்தை யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் எழுதினால் போதாது. தந்தை எந்தக் கிழமையில் எந்த இடத்தில் வந்து பார்ப்பார், பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் எழுத வேண்டும். ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம்தான் இருக்கும் என்று சட்டமே சொல்வதால், இந்தப் பேச்சை இப்போதே முடித்துக்கொள்வது உங்கள் தங்கைக்கு நல்லது.

காவிரிக்கரை:

இருவருக்கும் நன்றி. மாப்பிள்ளை வீட்டார் கூட்டு மனுவுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? தங்கைக்கு வருமானமும் இல்லை.

வக்காலத்து:

ஒத்துக்கொள்ளாவிட்டால் 13ஆவது பிரிவின்கீழ், கொடுமை போன்ற காரணங்களைக் காட்டித் தங்கை தனியாக மனு போடலாம். அது நீளும், வாய்தாக்கள் இருக்கும். அந்த மனு நிலுவையில் இருக்கும்போதே 24ஆவது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்க முடியும். அப்போது இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்திருப்பதால், சம்பளத்தைக் குறைத்துச் சொல்வது முன்போல எளிதல்ல. வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க வழியில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வழக்கறிஞரை நியமிப்பார்கள். போகும்போது திருமண அழைப்பிதழ், திருமணப் படங்கள், இருவரின் ஆதார் நகல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், அந்த முத்திரைத்தாளின் நகல் ஆகியவற்றைக் கொண்டுபோகட்டும். அசலை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.