தவக்காலத்துல தினமும் பத்து நிமிஷம் வாசகத்தோட உக்காந்தப்ப என்ன நடந்துச்சு? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா வாசிச்சிட்டு மட்டும்தான் இருக்கேன், எழுதுறது இதான் முதல் தடவ. ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நோன்பு நாட்களான தவக்காலத்துல ரெண்டாவது வாரத்துல இருக்கோம், மனசுல ஒண்ணு கெடந்து உறுத்திட்டே இருக்கு, யார்கிட்டயாவது சொன்னா தேவலன்னு தோணுச்சு.

ஒவ்வொரு வருஷமும் திருநீற்றுப் புதன், அதான் தவக்காலம் தொடங்குற சாம்பல் புதன், அன்னைக்கு நெத்தியில சாம்பல் வாங்கிட்டு வந்த கையோட ஒரு பெரிய லிஸ்ட் போடுவேன். தினமும் பூசை, முழு ஜெபமாலை, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை, பைபிள்ல நாலு அதிகாரம், போன் பாக்கக் கூடாது, கோவப்படக் கூடாது. முதல் வாரம் ஓடிரும். அப்புறம் ஒரு நாள் தவறும், மறுநாளும் தவறும், விட்டதையெல்லாம் சேர்த்து முடிக்கணும்னு உக்காந்தா மலைப்பா இருக்கும், அப்படியே எல்லாத்தையும் போட்டுட்டு ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு வரைக்கும் ஆண்டவர் முகத்தப் பாக்கவே கூச்சப்பட்டுட்டு திரிவேன். இந்த தடவ ஃபாதர்கிட்ட பாவத்த அறிக்கை பண்ற பாவசங்கீர்த்தனத்துல இத உள்ளபடி சொல்லிட்டேன். ஃபாதர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "அந்த லிஸ்ட கிழிச்சிப் போடும்மா, அன்னன்னைக்கு உள்ள நற்செய்திய மட்டும் எடுத்துக்க, பத்து நிமிஷம் உக்காரு, ஒரு வரி போதும்"னார்.

அவ்வளவுதான் இப்ப பண்றேன். காலையில அஞ்சரை மணி. ஜன்னல் பக்கத்துல அப்பாவோட பழைய சேர் ஒண்ணு கெடக்கு, கைப்பிடியில பெயின்ட் போய் மரம் வழுவழுன்னு இருக்கும், அதுலதான் உக்காருவேன். போன் வேற ரூம்ல. சிலுவை அடையாளம் போட்டு, பைபிள்ல சின்னப் பையன் சாமுவேல் சொன்ன மாதிரி "ஆண்டவரே பேசும், கேக்குறேன்"னு சொல்லிட்டு வாசகத்த சத்தமா ரெண்டு தடவ வாசிப்பேன். முதல் தடவ தெரிஞ்ச கதையாதான் போகும். ரெண்டாவது தடவதான் ஏதாவது ஒரு வார்த்த துணியில முள்ளு மாட்டுன மாதிரி பிடிக்கும். பிடிச்சா அங்கயே நின்னுரணும், மேல போகக் கூடாது.

தவக்கால கிழமை நாள்ல பூசைக்குன்னு குறிச்சிருக்கற பைபிள் வாசகங்கள் வருஷா வருஷம் அதே நாள்ல அதேதான் வரும்ங்கறது உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும், ஞாயிறு வாசகம்தான் மூணு வருஷத்துக்கு ஒரு சுத்துல மாறும். ஆக முதல் வாரத்து வெள்ளிக்கிழமை மத்தேயு 5ஆம் அதிகாரம் 20லருந்து 26 வரைக்கும், இத எத்தன வருஷம் கேட்டிருப்பேன்னு தெரியாது. காணிக்கைய பீடத்து முன்னாடி வச்சிட்டு முதல்ல போய் சகோதரனோட நல்லுறவு பண்ணிக்கன்னு வருமே, அதான். நான் எப்பவும் அத "உனக்கு யார் மேலயாவது கோவம் இருந்தா"ன்னுதான் புரிஞ்சி வச்சிருந்தேன். அன்னைக்கு ரெண்டாவது தடவ வாசிக்கும்போதுதான் கவனிச்சேன், அப்படி இல்லவே இல்ல, *அவருக்கு உன் மேல* மனத்தாங்கல் இருக்குன்னு நெனவு வந்தா அப்பவே எந்திரிச்சுப் போன்னு இருக்கு.

எனக்கு ஒரு அண்ணன் இருக்கான். நாலு வருஷமா பேச்சுவார்த்த கிடையாது. அப்பா படுக்கையில கெடந்தப்ப செலவு, அலைச்சல்னு எல்லாம் என் தலையில விழுந்துச்சு, அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும் நான் "இப்ப மாலையோட வந்து நிக்கிறியே, உயிரோட இருக்கும்போது எங்க போன"ன்னு கேட்டுட்டேன். அவன் மூஞ்சி அப்ப எப்படி இருந்துச்சுன்னு இன்னும் கண்ணுல நிக்கிது. இத்தன வருஷமும் நான்தான் பாதிக்கப்பட்டவ, அவன்தான் வந்து மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன், அன்னைக்கு அந்த சேர்ல உக்காந்திருக்கும்போதுதான் அவனுக்கும் என் மேல ஒண்ணு இருக்கும்ல, ஊரே பாக்க அப்படி கேட்டது எப்படி வலிச்சிருக்கும்னு முதல் தடவயா ஓடுச்சு. பத்து நிமிஷம் அரமணி நேரமாச்சு.

அன்னைக்கு சாயங்காலம் போன் பண்ணேன். எடுக்கல. மறுநாள் பகைவர நேசிங்கங்கற வாசகம், அன்னைக்கும் பண்ணேன், எடுக்கல. ரெண்டாவது வாரத்து திங்கள் லூக்கா 6, உங்க தந்தை இரக்கமுள்ளவரா இருக்கற மாதிரி நீங்களும் இருங்க, தீர்ப்பு சொல்லாதீங்கன்னு வரும். அத வாசிச்சு முடிச்சதும் மெசேஜ் எழுதுனேன். முதல்ல நீளமா எழுதி, அதுல பாதி என் பக்க நியாயமாவே இருந்துச்சு, எல்லாத்தையும் அழிச்சிட்டு, "அண்ணே, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படி பேசுனது தப்பு, மன்னிச்சிரு"ன்னு மட்டும் அனுப்புனேன். பாத்துட்டான், நீல டிக் வந்துச்சு. பதில் இல்ல. இன்னையோட மூணு நாள்.

இதான் என் கதை. உங்களுக்கும் வாசகம் இப்படி வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கா? சொல்லுங்க.

ராத்திரிப்பணி:

அக்கா, படிச்சிட்டு கண்ணு கலங்கிருச்சு. நான் ஆஸ்பத்திரில நர்ஸ், பாதி நாள் நைட் டூட்டி. காலையில அஞ்சரைக்கெல்லாம் எனக்கு ஒக்கார நேரம் கிடையாது, அதனால டூட்டி முடிஞ்சு பஸ்ல ஏறுனதும் வாசகத்த வாசிப்பேன், பல நாள் ரெண்டாவது தடவ வாசிக்கறதுக்குள்ள தூங்கிருவேன். அது செபமான்னு எனக்கே சந்தேகம் இருந்துச்சு.

போன வருஷம் நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, யோவான் 5, பெத்சதா குளத்துக்கிட்ட 38 வருஷமா படுத்துக் கெடந்தவர். குணமாக விரும்புறியான்னு இயேசு கேக்குறாரு, அதுக்கு அந்த ஆளு ஆமான்னு சொல்லல பாருங்க, என்னக் குளத்துல இறக்கி விட ஆள் இல்லங்கறாரு. "ஆள் இல்ல" அந்த எடத்துல நின்னுட்டேன், ஏன்னா அப்ப எங்க வார்டுல கடைசி பெட்ல ஒரு பெரியவர் இருந்தாரு, மூணு வாரமா பாக்க யாருமே வரல, ராத்திரி அடிக்கடி பெல் அடிப்பாரு, போய் பாத்தா தண்ணி வேணும்பாரு, தண்ணி பக்கத்துலயே இருக்கும். எனக்கு எரிச்சலா வரும், மொகத்துல காட்டிக்க மாட்டேன் ஆனா நடையில தெரிஞ்சிருக்கும். பஸ்ல அந்த வரிய வாசிச்சப்பதான் உறைச்சுச்சு, அவருக்கு வேண்டியது தண்ணி இல்ல. அன்னைக்கு ராத்திரி பெல் அடிச்சதும் போய், ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து டம்ளர கையில குடுத்துட்டு, குடிச்சு முடிக்கற வரைக்கும் எந்திரிக்கல. அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. அதுக்கப்புறம் விடியற வரைக்கும் பெல் அடிக்கவே இல்ல.

அவர் டிஸ்சார்ஜ் ஆகி எங்க போனாருன்னு தெரியல. தினமும் அவருக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்றேன், இந்த வருஷமும்.

மூணுபிள்ளைஅப்பா:

எங்க வீட்ல காலையில வாய்ப்பே இல்ல, ஸ்கூல் வேன் வர்ற வரைக்கும் போர்க்களம். அதனால நாங்க ராத்திரி. புனித இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டுலயே சொல்லிக் குடுத்த ஆன்ம சோதனைதான், அன்னைக்கு நடந்தத ஆண்டவர் முன்னாடி திரும்பிப் பாக்குறது, பிள்ளைங்களுக்கு ஏத்த மாதிரி மூணு கேள்வியா சுருக்கிட்டேன்: இன்னைக்கு எதுக்கு நன்றி, எதுக்கு மன்னிப்பு, நாளைக்கு எதுக்கு உதவி. லைட்ட அணைச்சிட்டு ஒரு மெழுகுவர்த்தி, ஆளுக்கு ஒரு வரி.

முதல் ரெண்டு நாள் சிரிப்பும் கூத்துமா போச்சு. அஞ்சாவது நாளோ ஆறாவது நாளோ கடைசிப் பொண்ணு, அவளுக்கு ஏழு வயசு, "அப்பா நீங்க நன்றி மட்டும்தான் சொல்றீங்க, நீங்க மன்னிப்பு சொன்னதே இல்ல"ன்னா. எனக்கு நெஞ்சுல அடிச்ச மாதிரி இருந்துச்சு, அன்னைக்கு காலையில பெரியவன ஷூ தேடலன்னு அடிச்சிருந்தேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்துல அவன் மூஞ்சியப் பாத்து ஸாரிடா தம்பின்னு சொன்னேன், அவன் ஒண்ணும் சொல்லல, நகர்ந்து வந்து என் மேல சாஞ்சிக்கிட்டான். ஜன்னலோரம் அக்கா, உங்க அண்ணனும் யோசிச்சிட்டு இருப்பாரு, விட்றாதீங்க.

தாமதமாவந்தவன்:

நான் இந்த பாஸ்கா திருவிழிப்புல, அதான் ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி பூசையில, ஞானஸ்நானம் வாங்கப் போறேன், வயசு 34. தவக்காலமே முதல்ல எங்கள மாதிரி ஆளுங்கள தயார் பண்றதுக்கும்தான்னு வகுப்புல சொன்னப்ப ஆச்சரியமா இருந்துச்சு, நான் இத துக்க காலம்னு மட்டும் நெனச்சிட்டு இருந்தேன். மூணாவது, நாலாவது, அஞ்சாவது ஞாயிறுல எங்கள முன்னாடி நிக்க வச்சு தனியா செபம் பண்ணுவாங்க. அந்த மூணு ஞாயிறுக்கும் உள்ள நற்செய்தி சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையில்லாதவர், செத்து உயிரோட எழுந்த லாசர். தண்ணி, வெளிச்சம், உயிர்.

சமாரியப் பெண் கதைய ஒரு வாரமா தினமும் வாசிக்கிறேன். அந்தம்மா தண்ணி எடுக்கத்தான் வந்தாங்க, கடைசில குடத்தயே அங்க போட்டுட்டு ஊருக்குள்ள ஓடுறாங்க. நான் எந்தக் குடத்த இன்னும் இறுக்கிப் பிடிச்சிட்டு இருக்கேன்னு ஒரு நோட்ல எழுத ஆரம்பிச்சேன், நாலு பக்கம் வந்துருச்சு. வீட்ல இன்னும் முழுசா சம்மதம் இல்ல, அம்மா பேசுறாங்க ஆனா கண்ணப் பாத்து பேச மாட்டேங்கறாங்க. எனக்காக செபிச்சுக்கோங்க.

பெரியம்மா:

பிள்ளைகளா, எல்லாத்தையும் வாசிச்சேன். என் பேரன்தான் டைப் பண்ணித் தர்றான். எனக்கு சுகரு. ரெண்டு வருஷமா ஒறுத்தல் இருக்க முடியலன்னு மனசு குத்திட்டே இருந்துச்சு, டாக்டர் வெறும் வயித்துல இருக்கவே கூடாதுன்னுட்டாரு. சாமியார்கிட்ட போய் அழுதேன். அவர் பொறுமையா சொன்னாரு, திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும்தான் திருச்சபை கட்டாயமா ஒருசந்தி இருக்கச் சொல்ற நாள், அதுவும் 18 வயசு முடிஞ்சவங்கள்லருந்து 59 வயசு முடியற வரைக்கும்தான், ஒரு வேளை வயிறு நெறய, மத்த ரெண்டு வேளை கொஞ்சமா, நோயாளிக்கு அந்தக் கட்டாயம் கிடையாதுன்னு. எனக்கு 71. எசாயா 58ஐ வாசிச்சுப் பாருங்கம்மான்னாரு, சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வர்ற முதல் வாசகம் அது. பசிச்சவனோட உன் உணவப் பகிர்ந்துக்கறதுதான் நான் விரும்புற நோன்புன்னு ஆண்டவர் சொல்றாரு.

இப்ப தினமும் காலையில மன்னிப்புக் கேக்குற திருப்பாடல் 51 சொல்லிட்டு, படுத்த படுக்கையா கெடக்குற ஒருத்தருக்கு போன் போடுறேன். நாப்பது பேர் லிஸ்ட் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். சில பேரு போன வைக்கவே விடமாட்டேங்கறாங்க.

வறண்டகிணறு:

எல்லாரும் இப்படி எழுதுறத பாத்தா சந்தோஷமா இருக்கு, ஆனா எனக்கு ஒண்ணுமே நடக்கலன்னும் இங்க யாராவது சொல்லணும். பதினாறு நாளா உக்காருறேன், வாசிக்கிறேன், எந்த வார்த்தையும் பிடிக்கல, மனசு ஆபீஸ்ல இருக்கு. நடுவுல மூணு நாள் விட்டுப் போச்சு. விட்டத எப்படி ஈடு கட்டுறது?

ஜன்னலோரம்:

தம்பி, நீங்க எழுதுனதுதான் எனக்கு ரொம்ப நெருக்கமா இருந்துச்சு. ஈடு கட்டாதீங்க, அங்கதான் நான் வருஷா வருஷம் விழுந்தேன். விட்ட நாள விட்டுட்டு இன்னைக்கு உள்ளத மட்டும் எடுங்க. சாம்பல் புதன்லருந்து புனித சனி வரைக்கும் எண்ணுனா 46 நாள் வரும், ஆறு ஞாயிற கழிச்சாதான் 40, ஞாயிறு ஒவ்வொண்ணும் உயிர்ப்போட நாள், அன்னைக்கு நோன்பு கிடையாது. திருச்சபையே நடுநடுவுல மூச்சு விட எடம் வச்சிருக்கு. ஒண்ணும் தோணலன்னாலும் அந்த பத்து நிமிஷம் எந்திரிக்காம இருந்தீங்கள்ல, அது செபம்தான், நான் அப்படித்தான் நம்புறேன். ஒரு யோசனை மட்டும், வாசகத்த கையால ஒரு நோட்ல எழுதிப் பாருங்க. வாசிக்கும்போது ஓடுற கண்ணு எழுதும்போது ஓடாது.

வறண்டகிணறு:

சரிக்கா. நாளைக்கு எழுதிப் பாக்குறேன்.

ஜன்னலோரம்:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாரும் எனக்காகவும் அண்ணனுக்காகவும் செபிச்சிருக்கீங்க, அதனால உங்ககிட்டதான் முதல்ல சொல்லணும்.

நேத்து நாலாவது வாரம் செவ்வாய், ராத்திரிப்பணி தங்கச்சி சொன்ன அதே 38 வருஷ வாசகம். ராத்திரி ஒம்பதர மணிக்கு போன் அடிச்சுச்சு, அவன் பேரு. கை நடுங்குச்சு. எடுத்ததும் "சாப்பிட்டியா"ன்னான். சாப்பிட்டேன்னேன். பிள்ளைங்க எப்படி இருக்காங்கன்னான். மெசேஜ் பத்தி அவனும் பேசல, நானும் பேசல. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் சும்மா இருந்தோம், அப்புறம் "அப்பா சேர் இன்னும் இருக்கா"ன்னு கேட்டான். இருக்கு, அதுல உக்காந்துதான் தினமும் காலையில பைபிள் வாசிக்கிறேன்னு சொன்னேன். அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. "எத்தன மணிக்கு"ன்னான். அஞ்சரைக்குன்னேன். சரி படுன்னு வச்சிட்டான்.

இன்னைக்கு காலையில எல்லாம் முடிச்சிட்டு அடுத்த ரூம்ல போய் போன எடுத்துப் பாத்தா 5:32க்கு அவன்கிட்டருந்து ஒரு மெசேஜ், "இன்னைக்கு என்ன வாசகம்?"னு. எசாயா 49, தாய் தன் பிள்ளைய மறப்பாளான்னு வருமே அந்த எடம், அத போட்டோ எடுத்து அனுப்பிட்டு, நாளையிலருந்து போன சேர் பக்கத்துலயே வச்சிக்கிறேண்ணேன்னு எழுதிருக்கேன்.